பட்டனை அமுக்கினால் ஒன்றும் ஆகவில்லையா? புதிதாகப் பொருத்திய கம்ப்யூட்டரைக் கிளப்பும் வழி

"அண்ணே, எல்லாம் மாட்டிட்டேன். பட்டன அமுக்குறேன், ஒன்னுமே ஆகல."

இந்தப் போன் பெரும்பாலும் இரவு பதினோரு மணிக்கு மேல்தான் வரும். நான் இருப்பது மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம். பகலில் வேறு வேலை. கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுப்பது கைப்பழக்கம். எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்துத் தொழிற்சாலையில் சில மாதம் வேலை பார்த்துக் காசு சேர்த்த பையன்கள், ஆன்லைனில் ஒவ்வொரு பாகமாக வாங்கி, யூடியூப் பார்த்தே மாட்டியிருப்பார்கள். அம்மா கேசிங் மேல் குங்குமம்கூட வைத்திருப்பார். வீடே சுற்றி நிற்கும்போது பெட்டி ஊமையாக இருந்தால் பையன் முகத்தைப் பார்க்க முடியாது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்த புதுக் கம்ப்யூட்டர்களில் உண்மையாகவே பாகம் செத்திருந்தது மிகக் குறைவு. பாதி உட்கார்ந்த ஒயர், தவறான ஓட்டை, அவசரப்பட்ட கை, இவைதான் மற்றதெல்லாம். அதனால் இப்போதைக்கு எதையும் புதிதாக ஆர்டர் போடாதீர்கள். கோலாலம்பூரில் இருப்பவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போய், வேறு ரேம் (தற்காலிக நினைவகக் குச்சி) போட்டுப் பார்க்கச் சொல்லலாம். தோட்டத்து ஊரில் இருக்கும் நமக்கு அது நடக்காது. மூன்று நாள் காத்திருந்து வரும் பார்சலும் கோளாறைத் தீர்க்காமல் போனால் காசும் போச்சு, பொறுமையும் போச்சு. மாற்றிப் பார்க்க நம்மிடம் பாகம் இல்லை. ஆனால் கழற்றிப் பார்க்க முடியும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வழியில்தான் போகிறது.

தேவையானவை: ஒரு பிளஸ் ஸ்க்ரூ டிரைவர், போன் டார்ச், எல்லாப் பாகத்தையும் மாட்டும் மதர்போர்டோடு வந்த மேனுவல். மேனுவலைத் தூக்கிப் போட்டிருந்தால் போர்டின் மேல் அச்சடித்திருக்கும் மாடல் பெயரைத் தேடுங்கள், தயாரிப்பாளர் தளத்திலேயே கிடைக்கும்.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பட்டனை அமுக்கியதும் நடப்பதற்கு ஒரு வரிசை உண்டு. பின்பக்க சுவிச் போட்டிருந்தால், கம்ப்யூட்டர் ஓடாதபோதும், சுவர் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை போர்டுக்கு 5 வோல்ட் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் பட்டனைத் தொட்டதும் போர்டு பவர் சப்ளையை எழுப்பும். 12, 5, 3.3 வோல்ட் எல்லாம் நிதானமானதும் பவர் சப்ளை "சரி" என்று ஒரு சைகை கொடுக்கும். அப்புறம்தான் கம்ப்யூட்டரின் மூளையான சிபியு விழித்து, போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் படிக்கும். பயாஸ் ரேமைச் சோதிக்கும், அடுத்து கிராபிக்ஸ், கடைசியில் விண்டோஸ் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று தேடும்.

ஆகவே உங்கள் பெட்டி எந்தப் படியில் நிற்கிறது என்பதே முதல் கேள்வி. சத்தமே இல்லையா? காற்றாடி ஒரு சுற்று சுற்றி அடங்கிவிடுகிறதா? காற்றாடி, விளக்கு எல்லாம் ஓடியும் திரை மட்டும் கறுப்பா? அல்லது திரையில் எழுத்து வந்தும் விண்டோஸ் வரவில்லையா? எனக்குப் போன் செய்தால் நான் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான். "ஆன் ஆகல" என்ற பதில் இந்த நான்கையும் குறிக்கும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

சிரிக்காதீர்கள். ப்ளக் பாயிண்டில் ஒரு சுவிச், எக்ஸ்டென்ஷனில் ஒரு சுவிச், பவர் சப்ளையின் முதுகில் ஒரு சுவிச் என்று மூன்று இருக்கின்றன. மூன்றில் ஒன்று மூடியிருந்து நான் மழையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வந்த கதை உண்டு. பின்பக்க சுவிச்சில் கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஓடும், வட்டம் போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஓடாது.

அதே பாயிண்டில் மேசைக் காற்றாடியைச் செருகிப் பாருங்கள். காற்றாடி ஓடினால் பாயிண்ட் நல்லது. ஒயரில் சந்தேகம் என்றால் பழைய மானிட்டரின் பவர் ஒயரைக் கழற்றி மாட்டலாம், வாய் ஒன்றுதான். நம் ஊர் மூன்று கால் ப்ளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது, அது போயிருந்தாலும் பெட்டி ஊமைதான். எக்ஸ்டென்ஷன் வாங்கும்போது சிரிம் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பசார் மாலாம் இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைப்பதில் போன் சார்ஜ் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது கொஞ்சம் முக்கியம். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கிய பவர் சப்ளையோடு சில நேரம் இரண்டு கால் ப்ளக் வரும். பேனாவை மேல் ஓட்டையில் குத்தித் திறந்து இரண்டு காலைத் திணிக்கும் வித்தை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு அதைச் செய்யாதீர்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிச் சுற்று, மிகச் சிறிய அளவு மின்சாரத்தை எர்த் ஒயருக்குக் கடத்தும்படிதான் அமைந்திருக்கிறது. எர்த் இல்லையென்றால் அது கேசிங்கின் இரும்பிலேயே தங்கிவிடும். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று ஸ்க்ரூவைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும்.

பழைய லயத்து வீடுகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் ஒயர் மட்டும் எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. சரியான மூன்று கால் ப்ளக் போட்டும் கேசிங் சுருக்கென்றால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, வீட்டு ஒயரிங்கில். வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலைதான் அது. தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரும் அதே வீட்டில்தானே இருக்கிறது.

பின்பக்க சுவிச்சைப் போடும்போது "டிக்" என்று ஒரு சத்தமோ, ப்ளக்கைச் செருகும்போது சின்னப் பொறியோ வந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் முதல் வாய் மின்சாரம் குடிப்பதுதான் அது. வீட்டு மெயின் சுவிச் விழுந்தால் கதை வேறு. ஒருமுறை விழுந்ததும் கம்ப்யூட்டரைக் கழற்றிவிடுங்கள். பவர் சப்ளைதான் சந்தேகம், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதில் லாபமில்லை.

மலிவான, பழைய பவர் சப்ளைகளில் பின்னால் சிவப்பு நிறத்தில் 115 / 230 என்று ஒரு சின்ன சுவிச் இருக்கும். மலேசியாவில் 230-தான். 115-இல் இருக்கும்போது இங்கே ப்ளக் போட்டால் "டப்" என்று வெடிக்கும், புகையும் வரும், அதோடு முடிந்தது. நல்ல புது வகைகளில் இந்த சுவிச்சே கிடையாது, 100 முதல் 240 வோல்ட் வரை அவையே சமாளித்துக்கொள்ளும்.

சாயங்கால இடி மழை நேரத்தில் சோதனை செய்யாதீர்கள். "இடி இடிக்குது, ப்ளக்கைப் புடுங்கு" என்று பாட்டி சொன்னது முழுக்கச் சரி. சுவிச்சை அடைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கையே கழற்ற வேண்டும், ரவுட்டரிலிருந்து வரும் இணைய ஒயரையும் சேர்த்து. ஃபைபர் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாதுதான், ஆனால் ரவுட்டரின் அடாப்டர் அதே சுவரில்தான் செருகியிருக்கிறது.

சத்தமே இல்லாத பெட்டி

சுவர் சரி, பின் சுவிச் சரி, இருந்தும் ஒன்றுமில்லை என்றால் கேசிங்கின் பக்கப் பலகையைத் திறங்கள். கையை உள்ளே விடும் முன் ப்ளக்கை எடுத்துவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அமுக்கி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள், கேசிங்கின் பெயிண்ட் அடிக்காத இரும்பையும் ஒருமுறை தொடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் உடம்பில் நிலைமின்சாரம் குறைவாகத்தான் சேரும். ஏர்கோன் அறையில் அப்படிச் சொல்ல முடியாது.

போர்டின் வலது ஓரத்தில் 24 பின் கொண்ட பெரிய ப்ளக்கைப் பாருங்கள். கொக்கி "கடக்" என்று பிடித்திருக்க வேண்டும். புதுப் போர்டில் இது மிகவும் இறுக்கமாக இருக்கும், பயந்துபோய்ப் பாதியில் விடுகிறவர்கள் அதிகம். போர்டு வளையாமல் அடியில் ஒரு கை கொடுத்து அழுத்துங்கள்.

பிறகு மின்சாரம் கொடுத்து, போர்டில் எங்காவது சின்ன விளக்கு எரிகிறதா என்று அறையை இருட்டாக்கிப் பாருங்கள். எல்லாப் போர்டிலும் இருக்காது. எரிந்தால் பவர் சப்ளையின் அந்த 5 வோல்ட் வந்து சேர்ந்துவிட்டது, சந்தேகம் இப்போது கேசிங்கின் பட்டன் மேல் திரும்புகிறது.

கேசிங் பட்டனிலிருந்து வரும் சின்னச் சின்ன ஒயர்கள்தான் புதியவர்களை அதிகமாக அழ வைப்பவை. போர்டின் கீழ் வலது மூலையில் ஒன்பது பத்து ஊசிகள் நிற்கும். எந்த இரண்டு ஊசி பவர் சுவிச்சுக்கு என்பது மேனுவலில் படமாக இருக்கும். பவர் சுவிச், ரீசெட் சுவிச் இரண்டையும் எந்தப் பக்கமாகத் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும். விளக்கு ஒயர்களுக்கு மட்டும் பிளஸ் மைனஸ் உண்டு, மாறினால் விளக்கு எரியாது, வேறு சேதம் இல்லை.

பட்டனை நம்பாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பவர் சுவிச் ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அந்த இரண்டு ஊசிகளையும் சேர்த்து ஒரு நொடி தொடுங்கள். அங்கே இருப்பது சிறிய மின்னழுத்தம்தான், ஷாக் அடிக்காது. ஆனால் கை நடுங்கிப் பக்கத்து ஊசிகளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி கிளம்பிவிட்டால் கோளாறு பட்டனில் அல்லது அதன் ஒயரில். புதுக் கேசிங் வரும்வரை ரீசெட் பட்டனின் ஒயரை பவர் ஊசிகளில் மாட்டி ஓட்டலாம். எதிர் வீட்டுத் தம்பியின் கம்ப்யூட்டர் இப்படித்தான் இரண்டு வருடமாக ஓடுகிறது. கேசிங்கை மாற்றும் எண்ணமே அவனுக்கு இல்லை.

அப்படித் தொட்டும் கிளம்பவில்லை என்றால் பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்கலாம். அதன் எல்லா ஒயரையும் பாகங்களிலிருந்து கழற்றிவிட்டு, 24 பின் ப்ளக்கில் பச்சை ஒயருக்கும் ஒரு கறுப்பு ஒயருக்கும் பேப்பர் கிளிப்பால் பாலம் போடுவது பழைய முறை. இப்போது வரும் பவர் சப்ளைகளில் எல்லா ஒயரும் கறுப்பு, எது பச்சை என்று தெரியாது. ஊகித்துக் குத்தாதீர்கள், அதற்கென்றே விற்கும் சின்ன டெஸ்டர் பெரிய விலை இல்லை. இன்னொன்று, பாரம் இல்லாதபோது காற்றாடியே சுற்றாத வகைகளும் உண்டு. அது சுற்றவில்லை என்பதற்காக "செத்துப்போச்சு" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். என்ன ஆனாலும் பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். ப்ளக்கை எடுத்த பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கிளம்பி உடனே அடங்கினால்

இங்கே முதல் சந்தேகம் போர்டின் மேல் இடது மூலையில். சிபியுவுக்கென்று தனியாக 8 பின் ஒயர் ஒன்று போக வேண்டும். 24 பின்னை மாட்டிவிட்டு இதை மறப்பது சகஜம். என் சொந்த முதல் கம்ப்யூட்டரிலேயே நான் மறந்தேன். அந்த ஒயர் கேசிங் முதுகில் நன்றாகச் சுருட்டிக் கட்டியபடி கிடந்தது, நான் விடியற்காலை இரண்டு மணி வரை ரேமைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மாட்டியவர்களும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: சிபியு ஒயர் நான்கும் நான்குமாகப் பிரியும், கிராபிக்ஸ் கார்டு ஒயர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். கிராபிக்ஸ் ஒயரைச் சிபியு ஓட்டையில் பலவந்தமாகத் திணித்தால் மின்சாரம் தலைகீழாகப் போகும். ஒயர் கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளை என்றால், வேறு பவர் சப்ளையின் ஒயரைக் கடன் வாங்காதீர்கள். வாய் பொருந்தும், உள்ளே வரிசை வேறாக இருக்கும், டிஸ்க் கருகிவிடும்.

அடுத்தது ஷார்ட். போர்டுக்கு அடியில் கேசிங்கில் நிற்கும் சின்னப் பித்தளைக் கால்கள் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் மிச்சமாக நின்றால் அது போர்டின் முதுகைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். பின்பக்கத் தகட்டின் சின்ன நாக்கு ஏதாவது யுஎஸ்பி வாய்க்குள் மடிந்து போயிருக்கிறதா என்றும் பாருங்கள். கேசிங்கை மெல்லச் சாய்த்து ஆட்டினால் உள்ளே தொலைந்த ஸ்க்ரூவின் சத்தம் கேட்கும்.

சரியாக நான்கைந்து நொடி ஓடி அணைந்தால் பவர் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். பட்டனை நான்கு நொடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் அணைந்துவிடுவதுதான் கம்ப்யூட்டரின் வழக்கம். ஊசியைத் தொட்டுக் கிளப்பும் அதே சோதனை இதையும் காட்டிக்கொடுக்கும்.

கொஞ்ச நேரம் ஓடி, பிறகு அணைந்தால் சூடு. சிபியு மேல் உட்காரும் கூலரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? "சூடு கடத்துற பேஸ்ட் போட்டேன் அண்ணே" என்று சத்தியம் செய்த பையனின் கூலரில் நான் அந்தத் தாளை எடுத்திருக்கிறேன், பேஸ்டோடு. இன்டெல்லோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று போர்டின் அந்தப் பக்கம் வெளிவராமல் இருந்தாலும் இதே கதைதான். கூலர் காற்றாடி ஒயர் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் பல போர்டுகள் முறைப்பாடு செய்து நின்றுவிடும்.

முதல்முறை கிளப்பும்போது இரண்டு மூன்று தடவை தானாக அணைந்து கிளம்புவது மட்டும் கோளாறு அல்ல. ரேமோடு பழகிக்கொள்கிறது. விட்டுவிடுங்கள்.

எல்லாம் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு

எனக்கு வரும் போன்களில் பெரும்பகுதி இந்த வகைதான்.

ஒயர் எங்கே செருகியிருக்கிறது? கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் எச்டிஎம்ஐ ஒயர் கேசிங் முதுகின் கீழ்ப்பகுதியில், படுக்கை வாட்டில் உள்ள கார்டின் வாயில் போக வேண்டும். மேலே போர்டின் வாயில் அல்ல. மானிட்டரிலும் எந்த உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கிளப்பிப் பார்க்கிறவர்கள் சிபியுவின் பெயரைக் கவனியுங்கள். இன்டெல்லில் கடைசியில் எஃப் எழுத்து இருந்தால், ஐ5-12400எஃப் மாதிரி, உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5 5600-இலும் கிடையாது, 5600ஜி-இல் உண்டு. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது, 7500எஃப்-இல் இல்லை. கிராபிக்ஸ் இல்லாத சிபியுவைக் கார்டு இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் திரையில் ஒன்றும் வராது.

கார்டு இருந்தால் அதற்கான பவர் ஒயர் முழுக்க உள்ளே போயிருக்கிறதா? புது வகைப் பெரிய கார்டுகளின் 16 பின் ஒயர் துளி இடைவெளிகூட இல்லாமல் உட்கார வேண்டும், பாதியில் நின்றால் உருகிவிடும் ஆபத்து உண்டு. கார்டையும் ஒருமுறை கழற்றி, கொக்கி பிடிக்கும்வரை அழுத்தி மாட்டுங்கள்.

அடுத்து ரேம். நான்கு ஓட்டை உள்ள போர்டில் இரண்டு குச்சி போடுவதானால், சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஓட்டைகள்தான் பெரும்பாலான போர்டுகளில் சரியான இடம். பக்கத்துப் பக்கத்தில் போட்டு வைத்துத் தவிப்பவர்கள் நிறைய. இரண்டு முனையும் "கடக்" என்று உட்காரும்வரை நன்றாக அழுத்துங்கள், புதியவர்கள் நினைப்பதைவிட அதிகப் பலம் தேவைப்படும். நுழையவே மறுத்தால் மட்டும் நிறுத்துங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். தவறான வகையை எந்தப் பலத்தாலும் உட்கார வைக்க முடியாது, ஓட்டைதான் உடையும். பிறகு ஒரு குச்சியை மட்டும் இரண்டாவது ஓட்டையில் போட்டுக் கிளப்புங்கள். வரவில்லையா, அதே ஓட்டையில் மற்றக் குச்சி. செத்த குச்சி எது என்பது இப்படிக் காசில்லாமல் தெரியும். ரேமின் தங்க முனையை அழிரப்பரால் தேய்ப்பது பத்து வருடப் பழைய கம்ப்யூட்டருக்கு மருந்து. இன்று பெட்டியிலிருந்து எடுத்த புது ரேமைத் தேய்க்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட, காத்திருங்கள். டிடிஆர்5 ரேம் போட்ட கம்ப்யூட்டர், முக்கியமாக ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (சிபியு உட்காரும் இடம்) வகை, முதல்முறை கிளம்பும்போது ரேமை அளந்து பழக சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். ரேம் அதிகம் என்றால் நேரமும் அதிகம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். காற்றாடி சுற்றும், ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். என் அக்கா மகன் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து அணைத்துப் போட்டு ஒரு சாயங்காலத்தையே கழித்தான். ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. "மாமா, போர்டு செத்துப்போச்சு" என்று அழாத குறை. பட்டனைப் போட்டுவிட்டு அவனைக் கடைக்குக் கூட்டிப் போனேன். தே தாரிக் குடித்துவிட்டு வந்தபோது திரையில் பயாஸ் நின்றது. அவன் அதற்கப்புறமும் நான் என்னவோ செய்துவிட்டுத்தான் போனேன் என்று நம்புகிறான். கால் மணி நேரமாவது விட்டுப் பாருங்கள்.

போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய நான்கு குட்டி விளக்குகள் இருக்கிறதா என்று தேடுங்கள். எம்எஸ்ஐ, ஏசஸ் போன்றவர்களின் பல போர்டுகளில் உண்டு. நான் முன்னால் சொன்ன அதே வரிசையில் ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். டிராம் என்றால் ரேம், விஜிஏ என்றால் கிராபிக்ஸ், பூட் என்றால் டிஸ்க். விளக்கு இல்லாத போர்டுக்குச் சில வெள்ளி கொடுத்து ஒரு பீப் ஸ்பீக்கர் வாங்கி மாட்டலாம். அதன் சத்தக் கணக்கு போர்டுக்குப் போர்டு மாறும், மேனுவலைப் பார்த்துத்தான் அர்த்தம் சொல்ல வேண்டும்.

சிபியு விளக்கு அணையாமல் நின்றால் 8 பின் ஒயரை மறுபடி பாருங்கள். அதுவும் சரி என்றால் பயாஸ் பழையதாக இருக்கலாம். போர்டு கடையில் நாள்பட இருந்திருக்கும், சிபியு அதற்குப் பிறகு பிறந்திருக்கும். பி450 போர்டில் ரைசன் 5000, இன்டெல் 600 வரிசைப் போர்டில் 13, 14-ஆம் தலைமுறை, பி650-இல் ரைசன் 9000 போன்ற ஜோடிகளில் இது வரும். தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் போர்டின் சிபியு பட்டியலைத் திறந்தால், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து அந்த சிபியு ஓடும் என்று போட்டிருக்கும். போர்டில் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் பிரச்சினை இல்லை. யுஎஸ்பி குச்சியை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, புதுப் பயாஸ் கோப்புக்கு மேனுவல் சொல்லும் பெயரைக் கொடுத்து, அதற்கென்று குறித்த யுஎஸ்பி வாயில் செருகி, பட்டனை அமுக்கினால் போதும். சிபியு வேலை செய்யாமலே பயாஸ் மாறிவிடும். விளக்கு மின்னி முடியும்வரை மின்சாரம் போகக் கூடாது, ஆகவே வானம் கறுத்திருக்கும் நாளில் வேண்டாம்.

ஒருமுறை ஓடிவிட்டு, ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவைப் போட்ட பிறகு கறுப்பாகிவிட்டால், பயாஸ் அமைப்புகளை வைத்திருக்கும் சீமோஸை அழியுங்கள். ப்ளக்கைக் கழற்றி, போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரியை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்குப் போய்விடும்.

சிபியுவைக் கழற்றிப் பார்ப்பது கடைசியில்தான். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 வகை சிபியுவில் அடியில் 1331 கால்கள் இருக்கும். இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறைக்கான போர்டில் சாக்கெட்டிலேயே 1700 ஊசிகள், ஏஎம்5 போர்டில் 1718. போன் கேமராவைச் சாய்வாக வைத்து, டார்ச் அடித்துப் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். ஊசிகள் வரிசையாக, ஒரே சீராக மின்ன வேண்டும். எங்காவது ஒரு புள்ளி மாறித் தெரிந்தால் ஊசி வளைந்திருக்கிறது. ஏஎம்4-இல் கூலரை நேராக இழுத்தால் பேஸ்டில் ஒட்டிய சிபியுவும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். கொஞ்சம் ஓடிச் சூடானதும் அணைத்து, இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள்.

வெளியே எடுத்து அட்டைப் பெட்டி மேல்

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் போர்டைக் கேசிங்கிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டி மேல் வையுங்கள். போர்டைச் சுற்றி வந்த பளபளப்பான பை மேல் வைத்து ஓட்டாதீர்கள், அதன் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தக்கூடும். சிபியு, கூலர், ஒரே ஒரு ரேம், 24 பின், 8 பின், சிபியுவில் கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டர் ஒயர். அவ்வளவுதான். எஸ்எஸ்டி டிஸ்க் வேண்டாம், கேசிங் ஒயர் வேண்டாம், கலர் விளக்குகள் வேண்டவே வேண்டாம். ஊசியைத் தொட்டுக் கிளப்புங்கள்.

இதே பாகங்கள் வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் குற்றவாளி கேசிங்: பித்தளைக் கால், பட்டன், முன்பக்க யுஎஸ்பி ஒயர், ஏதோ ஒன்று. வெளியே ஓடினால் மற்றவற்றை ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கிளப்புங்கள். எதைச் சேர்த்தபோது நின்றதோ அதுதான். இரண்டு பாகத்தை ஒன்றாகச் சேர்த்தால் மறுபடி குழப்பம்தான். வெளியேயும் ஓடவில்லை என்றால் மிச்சமிருப்பது போர்டு, சிபியு, பவர் சப்ளை. இந்த மூன்றில் எதுவென்று அறியத்தான் நண்பனின் கம்ப்யூட்டரோ கடையோ தேவை. இருபது சந்தேகத்தோடு ஈப்போவுக்குப் போவதைவிட மூன்றோடு போனால் கடைக்காரரும் உங்களை மதிப்பார்.

எழுத்து வருகிறது, விண்டோஸ் வரவில்லை

இது பாதி வெற்றி. புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் இன்னும் போடவே இல்லை என்றால் "பூட் டிவைஸ் இல்லை" என்று வருவது நியாயம்தான். குறைந்தது 8 ஜிபி உள்ள யுஎஸ்பி குச்சியில் விண்டோஸ் போடும் கோப்பைத் தயார் செய்து மாட்டுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது, ஆகவே 11 போடுங்கள். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பயாஸில் இன்டெல்லுக்கு பிடிடி, ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும்.

பயாஸிலேயே எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால், குச்சி வடிவ எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஓட்டையைச் சந்தேகப்படுங்கள். சில ஓட்டைகள் என்விஎம்இ வகையை மட்டும் ஏற்கும், சாட்டா வகை எம்.2 அதில் தெரியாது. சில போர்டுகளில் ஒரு எம்.2 ஓட்டையை நிரப்பினால் சாட்டா வாய்களில் ஒன்றிரண்டு தூங்கிவிடும், மேனுவலில் அடிக்குறிப்பாகப் போட்டிருப்பார்கள். பயாஸில் தெரிந்தும் விண்டோஸ் போடும்போது மட்டும் தெரியவில்லை என்றால், இன்டெல் போர்டுகளில் டிஸ்குகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். அதை அணையுங்கள், அல்லது அதற்கான டிரைவரை யுஎஸ்பியில் வைத்து ஏற்றுங்கள்.

திருப்பி அனுப்ப வேண்டி வந்தால்

செத்த பாகத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் வாங்கிய இடத்தில் உடனே சொல்லுங்கள், ஆன்லைன் கடைகளில் திருப்பி அனுப்ப நாள் கணக்கு உண்டு. அட்டைப் பெட்டி திறப்பதிலிருந்து வீடியோ எடுத்து வைத்திருந்தால் பாதிச் சண்டை மிச்சம். வாரண்டி ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். மலேசியக் கடைக்காரர் கையை விரித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனு போடக் கட்டணம் ஐந்து வெள்ளி, வக்கீல் தேவையில்லை.

ஒரு புது போர்டை நானும் ஒருமுறை திருப்பி அனுப்பினேன். எல்லாம் சரியாகப் பொதித்தேன், சாக்கெட்டின் மேல் வந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை மட்டும் குப்பையில் போட்டிருந்தேன். மூடி இல்லாமல் வந்த போர்டில் ஊசி வளைந்திருக்கிறது, நீங்கள்தான் வளைத்தீர்கள் என்று வாரண்டியை மறுத்துவிட்டார்கள். அனுப்பும்போது எடுத்த படமும் என்னிடம் இல்லை. இப்போது அந்த மூடிகளை ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். ஏழெட்டு இருக்கும். சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது தேவைப்பட்டால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.